பொன்விதி எங்கே இடறுகிறது? கல்முனைக் கரையிலிருந்து ஒரு மீள்பார்வை

தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்ப வேண்டும். தனக்கு நேரக் கூடாது என்று நினைப்பதைப் பிறருக்குச் செய்யக் கூடாது. ஒழுக்கம் பேசிய மரபுகளில் இந்த விதி ஏதாவதொரு வடிவில் இல்லாத மரபைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர்கள் அதற்குப் பொன்விதி என்று பெயர் வைத்தார்கள். இத்தனை பேர் ஒப்புக்கொண்ட விதி எத்தனையோ வழக்குகளைத் தீர்த்திருக்க வேண்டும். தீர்த்ததாகத் தெரியவில்லை. இன்னதைச் செய் என்று அது உண்மையிலேயே சொல்கிறதா? அல்லது ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள் தங்கள் முடிவின்மேல் குத்திக்கொள்ளும் முத்திரைதானா? மெய்யியலாளர்கள் இதை நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள்.

இலங்கையில் இந்தக் கேள்வி 2020இல் ஜனாஸாவை, அதாவது முஸ்லிம்களின் பிரேதத்தை, சுமந்துகொண்டு வந்தது. கோவிட் தொற்றால் இறந்தவர்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளியானது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம், தகனம் இரண்டுமே செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. இறந்தவரை அடக்கம் செய்வதே முஸ்லிம்களுக்குச் சமயக் கடமை. எதிர்த்துப் போடப்பட்ட மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றம் முழு விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. வர்த்தமானிக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே, கடைத்தெருவிலும் தொலைபேசித் திரையிலும், நாங்களும் எங்கள் தாய் தகப்பனை எரிக்கிறோம்தானே, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது. ஆனால் பொன்விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், பேசியவர் விதியை மீறவில்லை. தன் தாய்க்கு எது நல்லதென்று கருதினாரோ அதையே அடுத்தவர் தாய்க்கும் வேண்டுமென்றார். விதியைக் கடைப்பிடித்தே ஒருவருக்குத் தீங்கு செய்ய முடியும் என்றால், பழுது எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரை அந்தப் பழுதைத் தேடிச் செல்கிறது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் அதற்கு ஏற்ற களம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும் தமிழர் ஊர்களும் மாறிமாறி வருகின்றன. உட்புறத்தில் சிங்களக் குடியேற்றங்கள். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள். அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் பார்த்தால் அவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தார்கள். கல்முனையில் ஒருவர் காலையில் பெரும்பான்மை, கொழும்பு போய்ச் சேர்ந்ததும் சிறுபான்மை. பொன்விதியை இரண்டு பக்கத்திலிருந்தும் உரசிப் பார்க்க வேண்டிய நிலை அவருக்கு இருக்கிறது.

பழைய விடைகள்

மரபுகளின் பட்டியலை நீட்டுவதில் பெரிய பயனில்லை; சில வேறுபாடுகளை மட்டும் குறித்துக்கொள்ளலாம். கன்பூசியஸும் யூத அறிஞர் ஹில்லேலும் விதியை எதிர்மறையாகச் சொன்னார்கள்: வெறுப்பதைச் செய்யாதே. இயேசுவின் மலைப்பிரசங்கம் உடன்பாடாகச் சொன்னது. மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் அது தர்மத்தின் சுருக்கமாக வருகிறது. தம்மபதம் உயிர்களின் மரண பயத்திலிருந்து தொடங்குகிறது. சம்யுத்த நிகாயத்தில் வேளுத்துவார ஊரார்க்குப் புத்தர் சொன்ன போதனை இன்னும் ஒரு படி மேலே போய், கொலை, களவு, பிறன்மனை, பொய், கோள் என்று ஒவ்வொன்றையும் தன்மேல் வைத்துப் பார்த்து விலக்கச் சொல்கிறது. விதி அங்கே சுலோகமாக நிற்கவில்லை. மற்ற விதிகளைப் பெறும் முறையாக வேலை செய்கிறது.

திருக்குறளின் 32ஆவது அதிகாரமான இன்னாசெய்யாமையில் ஒரு குறள் கட்டளையிடாமல் வியக்கிறது. தனக்கு வலிப்பதை அறிந்த ஒருவன் அதே வலியைப் பிற உயிருக்கு எப்படிச் செய்கிறான் என்று அது கேட்கிறது. வள்ளுவர் அங்கே விருப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. வலியைப் பற்றிய அறிவைப் பேசுகிறார். இந்த வேறுபாடு சிறியதல்ல. விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும். வலி அவ்வளவு மாறாது. தகன வாதத்தைச் சொன்னவர் தன் விருப்பத்தைக் கேட்டார். எதிரே நின்றவரின் வலியைக் கேட்கவில்லை.

உடன்பாட்டு வடிவம் உயர்ந்தது, எதிர்மறை வடிவம் தாழ்ந்தது என்ற பழைய சண்டை அளவுக்கு மீறி ஊதப்பட்டது என்றே தோன்றுகிறது. இன்னா செய்தார்க்கும் நன்மை செய்யச் சொல்லும் குறள் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

1993இல் சிக்காகோவில் கூடிய உலக சமயங்களின் மன்றம், ஹான்ஸ் கியூங் வரைந்த உலகளாவிய அறப் பிரகடனத்துக்குப் பொன்விதியையே அடித்தளமாக வைத்தது. எல்லாச் சமயமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று நிறுவ அது வசதியான இடம். வசதி அதிகமானதும் சந்தேகம் வர வேண்டும். ஒரு மரபில் அது பழிவாங்கலுக்குக் கடிவாளம், இன்னொன்றில் அன்பின் அளவு, வேறொன்றில் கொடுக்கல் வாங்கல் நேர்மை. ஜெஃப்ரி வாட்டல்ஸ் 1996இல் இவ்விதியின் வரலாற்றை எழுதியபோது, அதற்கு ஒரே பொருள் இல்லை, அடுக்கடுக்காகப் பல பொருள்கள் உண்டு என்று காட்டியது இந்த உற்சாகத்துக்கு நல்ல மாற்று.

ஹதீஸும் அதன் விளிம்புகளும்

கிழக்குக் கரையில் இவ்விதியை அறிந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹதீஸ் (நபிமொழி) வழியாகவே அறிந்தவர்கள். அனஸ் இப்னு மாலிக் (ரலி) அறிவித்து, புகாரி, முஸ்லிம் இருவரும் பதிந்தது. இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 13ஆவது. தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் (இறைநம்பிக்கை) நிறைவு பெறாது என்பது அதன் கருத்து. மத்ரசாவில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அறிவிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மெய்யியலாளர்கள் பிற்காலத்தில் எழுப்பிய தடைகள் பல அங்கேயே முளைவிட்டிருப்பது தெரிகிறது.

முதலாவது, வளையத்துக்குள் யார் என்பது. முஸ்லிமின் அறிவிப்பில் சகோதரனா அண்டை வீட்டாரா என்று அறிவிப்பாளரே ஐயப்பட்ட குறிப்பு இருக்கிறது. திர்மிதியில் வரும் வேறொரு ஹதீஸ் மனிதர்களுக்கு விரும்பு என்று பொதுவாகவே விரிகிறது. விளக்கம் எழுதியவர்களில் பலர் சகோதரன் என்பதை முஸ்லிம் சகோதரன் என்றே கொண்டார்கள். நவவியின் பெயரால் வழங்கும் விளக்கவுரை மனித சகோதரத்துவமாகக் கொண்டு, முஸ்லிம் அல்லாதவரையும் உள்ளே அடக்குவதே மேல் என்கிறது. இரண்டு வாசிப்புக்கும் மரபில் இடமிருக்கிறது. எதை எடுப்பது என்பதை விதி சொல்லவில்லை. விதியைப் பயன்படுத்துவதற்கு முன்பே நாம் அதை முடிவு செய்துவிடுகிறோம். பொன்விதியின் பெரிய பலவீனம் இதுதான் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம்.

இரண்டாவது, எதை விரும்புவது என்பது. நஸாயியின் அறிவிப்பில் நன்மையானவற்றில் என்றொரு சேர்க்கை உண்டு. சூதாடிக்குச் சூதாட்டத் துணை வேண்டும் என்பதற்காக அவன் ஊரையே சூதுக்கு அழைக்கலாமா என்ற விதண்டாவாதத்தை இந்தச் சேர்க்கை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. விலையும் இல்லாமலில்லை: நன்மை எது என்பதை இப்போது விதிக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு தூரம் போவது. சகோதரத்துவத்தின் உரிமைகளை இஹ்யா என்ற நூலில் பேசும் இமாம் கஸ்ஸாலி மூன்று படிகளைச் சொல்கிறார். உன் பணியாளைக் கவனிப்பதுபோல் அவனைக் கவனிப்பது அடிப்படி. உன்னைப் போலவே அவனையும் நடத்துவது நடுப்படி. உன்னைவிட அவனை முற்படுத்துவது மேற்படி. பொன்விதி இங்கே நடுவில்தான் நிற்கிறது. மேலை மெய்யியலில் அதை உச்சியில் வைத்துத் தாக்கியவர்களும் காத்தவர்களும் இந்த இடத்தைக் கவனித்திருந்தால் விவாதம் சற்றுச் சுருங்கியிருக்கும்.

குர்ஆனில் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இடம் 83ஆவது அத்தியாயத்தின் தொடக்கம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு அங்கே எச்சரிக்கை வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 267ஆவது வசனமும் அதே சாயல்: கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்காதீர்கள் என்கிறது. நெல் விளையும் பூமியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. களத்தில் ஈரம், பதர் என்று மூடைக்கு இத்தனை கிலோ கழிக்கும் கை, அதே நெல் அரிசியாகிக் கடைக்கு வரும்போது கல்லுக்கும் குருணைக்கும் எதையும் கழிப்பதில்லை. இங்கே விருப்பம், கற்பனை, சகோதரன் எதுவும் பேசப்படவில்லை. ஒரே ஆள், இரண்டு அளவு. அவ்வளவுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழியும் இதைத்தான் பிடிக்கிறது. பொன்விதி மிகக் கூர்மையாக வெட்டும் இடம் இது என்பது இக்கட்டுரையின் கருத்து: என்ன செய்ய வேண்டும் என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை, இரட்டை அளவை மட்டும் தவறாமல் காட்டிக்கொடுக்கிறது.

ருசி வேறானால்

பேர்னாட் ஷா 1903இல் ஒரு நாடகத்தோடு சேர்த்து வெளியிட்ட வாசகங்களில் பொன்விதியைத் தலைகீழாக்கினார்: உங்களுக்குப் பிடித்ததைப் பிறருக்குச் செய்துவிடாதீர்கள், அவர்கள் ருசி வேறாக இருக்கலாம் என்பது அவர் கேலியின் சாரம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னர், 1785இல், இமானுவேல் கான்ட் ஓர் அடிக்குறிப்பில் விதியைச் சாதாரணமானது என்று ஒதுக்கியிருந்தார். தனக்கு உதவி வேண்டாம் என்பவன் பிறருக்கு உதவாமலிருக்க அது அனுமதி தருகிறது. தண்டிக்கப்படும் குற்றவாளி நீதிபதியைப் பார்த்து, நீ என் இடத்தில் இருந்தால் என்று வாதாட முடிகிறது. 19ஆம் நூற்றாண்டில் சிட்ஜ்விக் இன்னொன்றைச் சேர்த்தார்: பாவத்தில் கூட்டாளி தேடுபவனும் விதிக்கு உட்பட்டே நடக்கிறான்.

இதற்குச் சொல்லப்பட்ட பதில்களில் மூன்று முக்கியமானவை.

ஆர். எம். ஹேர் 1963இல் சொன்னது: என் விருப்பத்தோடு அவன் இடத்தில் நிற்பது போதாது, அவன் விருப்பத்தோடும் அவன் நம்பிக்கையோடும் நின்று பார்க்க வேண்டும், பாதிக்கப்படும் எல்லார் இடத்திலும் மாறிமாறி நிற்க வேண்டும். குற்றவாளியின் இடத்தில் நின்ற நீதிபதி களவு கொடுத்தவர் இடத்திலும் நிற்பார் என்பதால் கான்டின் தடை ஓரளவு விலகுகிறது. ஆனால் நான் முஸ்லிமாக இருந்தாலும் நாட்டுக்காக எரிக்கச் சம்மதித்திருப்பேன் என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சொன்னால் என்ன செய்வது? இப்படிப்பட்ட பிடிவாதக்காரரைத் தன் முறை வெல்லாது என்று ஹேரே ஒப்புக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் கிழவிகள் சொல்வது ஹேரின் முறைமேல் வைக்கக்கூடிய மிகக் கடுமையான விமர்சனம். இடம் மாறி நிற்பதாக நினைத்துக்கொள்வதும், நிற்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது பதில், நினைத்துக்கொண்டிருக்காமல் கேட்டுவிடு என்பது. பிறர் எப்படி நடத்தப்பட விரும்புகிறார்களோ அப்படி நடத்து. கார்ல் பொப்பர் இந்தத் திசையில் விதியைத் திருத்தலாம் என்றார். பின்னாளில் வியாபாரப் பயிற்சி நூல்கள் இதைப் பிளாட்டினம் விதி என்று விற்றன. ஜனாஸா விடயத்தில் இது உடனே சரியான விடை தரும். கடன் வாங்கியவர் திருப்பிக் கேட்காதே என்றுதான் விரும்புவார். அங்கே இது உடனே தவறான விடை தரும். பொப்பர் நியாயமான இடங்களில் மட்டும் என்று எல்லை போட்டது காரணமில்லாமல் அல்ல.

மூன்றாவது, மார்கஸ் சிங்கர் அதே 1963இல் வைத்த வாசிப்பு. எனக்குப் பிடித்த குறிப்பிட்ட பொருளைப் பிறருக்கும் கொடு என்பதாக விதியை எடுக்கக் கூடாது. என் தேவையையும் நம்பிக்கையையும் பிறர் மதிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஆகவே அவர்களுடையதை நான் மதிக்க வேண்டும் என்று பொதுமட்டத்தில் எடுக்க வேண்டும். எரிப்பதா புதைப்பதா என்ற மட்டத்தில் கேள்வியை வைத்தால் எரிப்பவர் வெல்கிறார். தன் தாயைத் தன் சமய முறைப்படி வழியனுப்ப விரும்புகிறாயா என்ற மட்டத்தில் வைத்தால் விடை மாறுகிறது.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி இந்த மூன்றாம் வாசிப்பின் நடைமுறை உதாரணம் எனலாம். தமிழர் முன்னெடுத்த அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. கரையோர முஸ்லிம்கள் வழியில் சேர்ந்துகொண்டார்கள். தம்மவரைத் தகனம் செய்யும் வழக்கமுள்ள சைவர்கள், தமக்கு வேண்டாத ஒன்றை அயலாருக்காகக் கேட்டார்கள். அரசியல் கணக்கும் அதில் இருந்திருக்கும். எந்தப் பேரணியில் இல்லை? அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வர்த்தமானியானது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சிங்கரின் வாசிப்பே இப்போதைக்கு வலுவானது என்று தோன்றினாலும் அதன் ஓட்டையை மறைக்கக் கூடாது. மட்டத்தை யார் தெரிவு செய்வது? சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடிழந்த முஸ்லிம்களுக்கே அவை என்று ஒரு தரப்பு சொன்னது. அரச காணியில் கட்டிய வீடு எல்லா இனத்துக்கும் உரியது என்று மறுதரப்பு வழக்குப் போட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் இன விகிதாசார அடிப்படையில் பகிரச் சொன்னது. கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து காடேறின. நான் அவர் இடத்தில் இருந்தால் என்று இரு தரப்புமே கேட்டிருக்க முடியும். ஒருவருக்கு அந்த இடம் சுனாமியில் வீடிழந்தவரின் இடம். மற்றவருக்கு மாவட்டத்தில் காணியற்றவரின் இடம். விதி எந்த விவரணையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது.

கடைமடைக்கு வந்த தண்ணீர்

பொன்விதியை ஐயுறுவோரில் ஒரு சாரார் சொல்வது: இது நீ எனக்கு, நான் உனக்கு என்ற பண்டமாற்றுக்குப் போட்ட நல்ல சட்டை. திருப்பிக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் விதியும் இருக்காது. இதைச் சோதிக்க நல்ல இடம், இருவரின் நிலையும் ஒருபோதும் மாறாத இடம். ஆற்று நீர்ப்பாசனம் அப்படிப்பட்டது. மேல்மடையில் இருப்பவர் எந்நாளும் மேல்மடையில்தான். தண்ணீர் மேல்நோக்கி ஓடாது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த மாவட்டத்தின் நிலத்தையும் உறவுகளையும் மாற்றியது. இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றக்காரர். கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள். மேலே விடிய விடியத் தண்ணீர் வயலில் நின்று வழிய, கீழே சிறுபோகம் கருகும். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே விவசாயிகளை அமைப்பாக்கும் முயற்சியில் இறங்கின. அதில் பங்கெடுத்த நோர்மன் அப்ஹோப் 1992இல் எழுதிய நூல் இந்த அனுபவத்தைப் பதிகிறது. 1981இல் குளத்தில் நீர் மிகக் குறைவாக இருந்த போகத்தில், மேல்மடைக் குழுக்கள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே அனுப்பின. தண்ணீர் போய்ச் சேர்ந்தவர்களில் வேற்றுமொழிக்காரரும் இருந்தார்கள். அப்ஹோப் இதை வெறும் சுயநலக் கணக்கால் விளக்க முடியாது என்று வாதிட்டு, மனிதர்களிடம் பிறர்நலமும் ஒரு விசைதான் என்றார்.

இதை அப்படியே விழுங்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வந்த இளம் அமைப்பாளர்கள் ஊரில் தங்கி வேலை செய்தார்கள். திட்டத்துக்கு அமெரிக்க நிதி இருந்தது. பொறியியலாளர்கள் முதன்முறையாக விவசாயி சொன்னதைக் கேட்டார்கள். நல்ல பெயர் என்பதும் ஒரு கூலி. அதைவிட, சில ஆண்டுகளில் இதே மாவட்டம் இரத்தக் களமானது. 1990இல் இங்கே எந்தச் சமூகமும் தப்பவில்லை, எந்தச் சமூகத்தின் பெயரிலும் கொலை நடக்காமலும் இல்லை. ஒரு போகத்துத் தண்ணீர் ஒரு சமாதானத்தைக் கட்டாது.

இருந்தும் பண்டமாற்று வாதத்துக்கு இந்தச் சம்பவம் பெரிய இடைஞ்சல்தான். ஜோன் ரோல்ஸ் 1971இல், யார் எந்த நிலையில் பிறப்பார் என்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகுக்கச் சொன்னார். கல்லோயாவில் திரை எதுவும் இல்லை. தான் மேல்மடை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மடையை அடைத்தார்கள். அமைப்பு என்ற ஒன்று இருந்ததால் தனி ஆளின் நல்லெண்ணம் வீணாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் தன் மடையை அடைத்தால் அடுத்தவர் வயலில்தான் அது போய் நிற்கும். பொன்விதியை ஒருவருக்கு ஒருவர் செய்வதாகவே எழுதிவந்த மெய்யியலாளர்கள் வயல்களுக்குத் தண்ணீர் முறை பங்கிடும் வட்டை விதானையைப் பற்றி யோசித்ததில்லை.

எல்லோரும் தேறும் சோதனை

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் சீதனம். இந்தக் கரையில் மகளுக்கு வீடு கொடுப்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். தாய்வழிக் குடி முறையோடு இது பின்னிக் கிடப்பதை அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியான நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மார்க்கம் மாப்பிள்ளையிடமிருந்து மஹர் என்ற மணக்கொடையைக் கேட்கிறது. வழக்கம் பெண் வீட்டாரிடமிருந்து வீட்டைக் கேட்கிறது. மகளின் வீட்டுக்காகத் தகப்பனும் சகோதரனும் கட்டார், சவூதி என்று போய் வருவது ஊர் வழக்கமாகிவிட்டது.

இங்கே பொன்விதி என்ன சொல்லும்? மகளுக்குக் கொடுத்தவர் மகனுக்குக் கேட்கிறார். தனக்கு நேர்ந்ததையே பிறருக்கும் செய்கிறார். இரட்டை அளவு இல்லை. எல்லோரும் சோதனையில் தேறிவிடுகிறார்கள். நான்கு பெண்களைப் பெற்று ஆண்பிள்ளை இல்லாத தகப்பன் மட்டும் தேறிய பிறகும் நசுங்குகிறார். சமமாகப் பரவிய சுமையை இந்த விதியால் சுமையென்றே காண முடிவதில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பிடிமானம் தருகிறது என்ற மறுபக்கமும் உண்டு. மணமுறிவில் வெளியேறுபவர் பெரும்பாலும் கணவர்தான். ஆகவே வழக்கத்தை ஒழிப்பதா திருத்துவதா என்பது தனி விவாதம். அந்த விவாதத்தைத் தொடங்கவே பொன்விதி போதவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நீதி, மார்க்கச் சட்டம், பொருளாதாரம் என்று வேறு கருவிகளை எடுத்தாக வேண்டும்.

ஓர் ஊர் 'நான்' ஆகுமா?

தனி மனிதருக்காகச் சொல்லப்பட்ட விதியைக் கூட்டங்களுக்குப் பொருத்தலாமா என்பதில் எழுத்தாளர்கள் ஒத்துப்போகவில்லை. கல்முனை அதற்கு நெருக்கமான பாடம்.

அம்பாறைக் கச்சேரியில் அலுவல் சிங்களத்தில் நடக்கிறது, தமிழ் பேசும் கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்பது முஸ்லிம் அரசியலின் பழைய கோரிக்கை. கல்முனையில் எங்கள் காரியத்தை நாங்களே பார்க்க வேண்டும், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்பது அங்குள்ள தமிழரின் கோரிக்கை. 2019 ஜூனில் உண்ணாவிரதம்வரை போனது. கல்முனை மாநகர சபையின் கீழ் எங்கள் ஊர் புறக்கணிக்கப்படுகிறது, 1987க்கு முன் இருந்ததுபோல் தனிச் சபை வேண்டும் என்பது சாய்ந்தமருது முஸ்லிம்களின் கோரிக்கை; 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது.

மூன்று கோரிக்கைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: பெரிய அலகில் எண்ணிக்கையால் அமுங்குகிறோம், எங்களுக்கென்று ஓர் அலகு. முதலாவதைக் கேட்பவர் இரண்டாவதை மறுப்பதும், மூன்றாவதைக் கேட்பவர் இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காமலிருப்பதும் கண்ணில் படாமல் போகாது. முதலாவதை எதிர்க்கும் தமிழரும் இதே தராசில் ஏற வேண்டியவர்களே.

இங்கே விதி கூர்மையாகவே வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் எதிர்ப்பவர்களுக்கும் காரணங்கள் உண்டு. எல்லை எங்கே விழும், கல்முனைச் சந்தையின் வருமானம் எந்தப் பக்கம் போகும், சாய்ந்தமருது போனால் எஞ்சிய சபையில் யார் கை ஓங்கும் என்பவை வெற்றுச் சாக்குகள் அல்ல. மூன்றும் ஒரே மாதிரி என்று நாம் காட்டுவதைக் கேட்டவுடன் ஒவ்வொரு தரப்பும் தன்னுடையது ஏன் வேறு மாதிரி என்று விளக்கத் தொடங்கும். அந்த விளக்கம் சில வேளை உண்மையாகவும் இருக்கும். விதி செய்யக்கூடியது, வேறு என்று நிறுவும் பொறுப்பைச் சொல்பவர் தலையில் ஏற்றுவது. அதற்கு மேல் அது போவதில்லை. அதுவே சிறிய காரியம் என்றும் சொல்வதற்கில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாய்ந்தமருது விரும்புகிறது, கல்முனைத் தமிழர் விரும்புகிறார்கள் என்று எழுதிவிடுகிறோம். பள்ளிவாசல் நிருவாகமும் கட்சியும் மதத் தலைவரும் சொல்வது ஊரின் விருப்பமா? பெண்களிடம் யார் கேட்டார்கள்? இன்னொருவர் இடத்தில் நின்று பார்க்கச் சொல்லும் விதி, அங்கே ஓர் ஆள் இருப்பதாக முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது.

தீராமல் இருப்பவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து எச்சரிக்கையோடு சிலவற்றைச் சொல்லலாம். ருசி வேறுபாடு என்ற தடை, ஷா காட்டிய அளவுக்குப் பெரியதல்ல. பொதுமட்ட வாசிப்பும், நன்மையானவற்றில் என்ற ஹதீஸ் சேர்க்கையும், வலியிலிருந்து தொடங்கும் குறள் மரபும் ஆளுக்கொரு பக்கமாக அதைக் குறைக்கின்றன. பண்டமாற்றுக் குற்றச்சாட்டு கல்லோயா போன்ற இடங்களில் தடுமாறுகிறது. விவரணையை யார் வகுப்பது, வளையத்துக்குள் யார் என்ற இரண்டும் திறந்தே கிடக்கின்றன. விதிக்குள்ளிருந்து அவற்றுக்கு விடை வரும் என்று எதிர்பார்க்க இதுவரை காரணம் எதுவும் கிடைக்கவில்லை. எதிரே இருப்பவரிடம் கேட்பது முதல் பிரச்சினைக்கு உதவுகிறது. கேட்கத் தோன்றுவதற்கே இரண்டாவது பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இடக்கு.

செய்பவர் ஒருவர், படுபவர் ஒருவர் என்று பிரிக்க முடியாத தீங்குகளும் பெருகிவருகின்றன. ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் மணலின் வடதிசைப் போக்கை மறித்தன. ஒலுவிலின் கரையும் தென்னைகளும் கடலுக்குள் போயின. ஓரிடத்தில் கல்லைப் போட்டுக் கரையைக் காத்தால் அரிப்பு வடக்கே அடுத்த கரைக்கு நகர்கிறது, அங்கேயும் கல் கேட்கிறார்கள். ஒலுவில்காரர் தன் வீட்டைக் காக்கக் கல் கேட்பது நியாயம். நிந்தவூர்க்காரர் கேட்பதும் அதே நியாயம். இவர்களில் யாரும் யாருக்கும் எதையும் செய்துவிடவில்லை. ஒருவர் மற்றவர் இடத்தில் நின்று பார்த்தால் இருவருக்கும் ஒரே கோரிக்கைதான் தெரியும், கல். கல்லை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்குப் பொன்விதியின் எந்த வாசிப்பிலும் இன்னும் விடையில்லை. கரையோரப் பொறியியலும், இரண்டு ஊரையும் ஒரே மேசைக்கு அழைக்க அதிகாரமுள்ள ஒரு சபையும் சேர்ந்து அதைத் தேட வேண்டியிருக்கிறது.